மேலே போகாத கிறிஸ்துமஸ்

போடிநாயக்கனூர்,
20.12.2025, சனிக்கிழமை.

அன்பு மகள் பொன்னுமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு மாதிரி நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஹோபார்ட்டில் முழு நலமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வெயில் கொளுத்துமாமே, இங்கே பனி இறங்கி காலை ஏழு மணிக்கும் மலை கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பண்டிகை முடிந்து புது வருஷமும் பிறந்திருக்கும். அதனால் வாழ்த்தை இப்போதே வாங்கிக்கொள்.

வாரத்துக்கு மூன்று நாள் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு அப்பா ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புகிறார் என்று பயந்துவிடாதே. போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவின் காது இப்போது கண்ணுக்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. நான் வாசலில் நின்று கிசுகிசுத்தாலும் உள்ளே படுத்துக்கொண்டே பதில் சொல்கிறாள். அவள் முன்னால் இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. நாளை மறுநாள் திங்கட்கிழமை மதுரையில் பெரிய டாக்டர் அவள் கண்ணைப் பார்க்கிறார். அவர் நல்லது சொன்னபின் எழுதினால் சுலபமாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒப்புக்கொண்டதாகாது. அதனால் என்ன முடிவு என்று தெரியாத இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு இடது கண் சிறு வயதில் கம்பு குத்தியதிலிருந்து வெளிச்சம் மட்டும்தான் என்பதும் தெரியும். பார்வை என்று இருந்தது வலது கண் ஒன்றுதான், அதற்குள் இருக்கிற திரை உரிந்துபோய், டிசம்பர் இரண்டாம் தேதி அதை ஒட்டவைத்தார்கள். ஒட்டியது நகராமலிருக்கக் கண்ணுக்குள் காற்று மாதிரி ஒரு வாயுவை நிரப்பி, பன்னிரண்டு நாள் குப்புறவே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பன்னிரண்டு நாள் கூத்தை நான் போனில் பாதிதான் சொன்னேன். படுத்தாலும் குப்புற, உட்கார்ந்தாலும் தலை கவிழ்ந்து, சாப்பிட்டாலும் தட்டை மடியில் வைத்துக் குனிந்தபடி. அவளோடு பேச வருகிறவர்கள் எல்லோரும் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு பானுப்பிரியா ஒருநாள் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினாள், ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தலையை ஆட்டக் கூடாதே என்று நான்தான் அதட்ட வேண்டியிருந்தது. போதகர் ஐயா ஜெபம் பண்ண வந்தவர், தலையில் கை வைக்க வாட்டமாக இருக்கிறது என்று வழக்கத்தைவிட நீளமாகவே ஜெபித்தார்.

பார்வை இல்லாவிட்டாலும் அதிகாரத்துக்குக் குறைவில்லை. தரையை விரலால் தடவிப் பார்த்து, "கூட்டுனீங்களா, இல்ல வெளக்கமாத்தக் காட்டிட்டு வந்துட்டீங்களா" என்று கேட்பாள். நான் அடுப்படியில் தாளிக்கும்போது அந்த அறையிலிருந்தே, "கடுகு கருகிருச்சு, எறக்குங்க வெரசா" என்று குரல் வரும். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன், குழம்பு பரவாயில்லை, தோசை இன்னும் என் சொல் கேட்பதில்லை. ஆனால் மருந்து விடுவதில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு மூன்று மருந்தும் சேர்த்துப் பதினான்கு சொட்டு. முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலரும்போது மணிக்கொரு தரம் சூடு பார்த்தவன் நான், சொட்டு மருந்தை மறந்துவிடுவேனா. என் முழங்கால்தான் அடிக்கடி முணுமுணுக்கிறது, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், என்னைப் பற்றி அவ்வளவுதான் சேதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ரெண்டு மாசத்துக்கு பிளேன் ஏறக்கூடாது என்று சொன்னார்கள். உன் அம்மா, "பிளேன நாங்க அண்ணாந்து பாத்துத்தாங்க பழக்கம்" என்றாள், அங்கிருந்த நர்சுகள் எல்லாம் சிரித்தார்கள். வெளியூர் எங்கேயாவது போவீர்களா என்று ஒரு டாக்டர் கேட்டார். இல்லை சார், போடியை விட்டு எங்கேயும் போக மாட்டோம் என்று நான் சொன்னேன். பொய் சொல்லவில்லை ஆத்தா, மனதறிந்துதான் சொன்னேன். நம் ஊரில் யார் மலைக்குப் போவதை வெளியூர் போவதாக நினைக்கிறார்கள். காலையில் ஜீப்பில் ஏறுகிற ஜனங்களைக் கேட்டால் மேல போறேன் என்பார்கள், அவ்வளவுதான், மாடிக்குப் போகிற மாதிரி. ஒரு தாளும் கொடுத்தார்கள். மேலே பிளேன் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் இது நமக்கு இல்லை என்று மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். கடைசி வரைக்கும் படிக்கவில்லை.

குப்புறப் படுக்கை பதினாலாம் தேதியோடு முடிந்தது. பன்னிரண்டு நாள் கவிழ்ந்து கிடந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, கிறிஸ்துமஸுக்கு மேலே போகலாமா என்றுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த எஸ்டேட் கோயிலைத் தவிர வேறெங்கும் பண்டிகை ஆராதனைக்குப் போனதில்லை, நான் ரிட்டயர் ஆகிக் கீழே குடிவந்த பிறகும் போகத்தானே செய்தோம். உன் மாமா சின்ராசு இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான், அவன் வீட்டில் பத்து நாள் தங்குவதாக ஏற்பாடு. எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். பதினேழாம் தேதி புதன்கிழமை காலையில் நம்ம ஜக்கையன் ஜீப்பை வரச்சொல்லி, அரிசி, துணிமணி, மருந்துப் பை, சின்ராசு பேரனுக்கு நாலு சிப்ஸ் பாக்கெட் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அம்மா பின் சீட்டில் தலையணையோடு, நான் முன்னால் என்பாட்டுக்கு உட்கார்ந்து வந்தேன். அடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் ஏற ஆரம்பித்தன. ஒன்பதாவது வளைவில் அம்மா, "ஏங்க, கண்ணுக்குள்ள யாரோ கட்டவெரல வச்சு அமுக்குறாப்புல இருக்கு" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா. மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார் என்று கொடுத்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் ரெண்டு வளைவு ஏறிவிட்டோம். பதினொன்றாவதில் வாந்தி எடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

ஜக்கையன்தான் வண்டியை ஓரம் கட்டினான். "அண்ணே, அக்கா மொகம் வெளுத்துப்போச்சு, திருப்பிருவோம்" என்றான், என்னிடம் பதில் வாங்காமலே திருப்பியும் விட்டான். இறங்க இறங்க அம்மாவுக்கு வலி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் இப்போது கொஞ்சம் தேவலை, இப்போது கொஞ்சம் தேவலை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது ஜக்கையன் என் மடியில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டைக் கையால் காட்டி, "கண்ணுக்குள்ள காத்து வச்சிருக்காகன்னுதான சொன்னீக, கீழ வாங்குன பாக்கெட்டு மேல வரவர பலூனு கணக்கா உப்பிப் போகுதுல்ல, அதுவும் இதுவும் ஒண்ணுதாண்ணே" என்றான். நான் குனிந்து பார்த்தேன். உப்பி விறைத்திருந்த பாக்கெட் லேசாகத் தளர்ந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் அந்தப் பாதையில் ஏறி இறங்கி, உப்பின பாக்கெட்டுகளை உனக்கே எத்தனை தடவை வாங்கி வந்திருக்கிறேன், ஒருநாளும் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். பிளேன் படத்துக்குக் கீழே, ஏழாவது வரியில், மலைப்பகுதிகளுக்கும் செல்லக் கூடாது என்று தெளிவாகத் தமிழிலேயே போட்டிருந்தது. அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. ஸ்டோர் சாவியை யார் வாங்கினாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று ஆட்களைப் படுத்தியெடுத்தவன் நான், பெண்டாட்டிக்கு இருக்கிற ஒற்றைக் கண்ணுக்கு வந்த தாளைப் படிக்கவில்லை. உடனே கார் பிடித்து மதுரைக்குப் போனோம். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது கோயில் கூட்டத்தில் இருக்கிறோம், அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னேனே, அது பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் பேசினேன். மன்னித்துக்கொள். அங்கே பணியில் இருந்த டாக்டரம்மா, கண்ணுக்குள் அழுத்தம் ரொம்ப ஏறிப்போயிருக்கிறது என்று மாத்திரையும் புது சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். கண் கலங்கலாக இருப்பதால் உள்ளே திரை நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, திங்கட்கிழமை பெரிய டாக்டர் பார்க்கட்டும் என்றார்கள். நகர்ந்திருந்தால் மறுபடி ஆபரேஷன், அப்போதும் பார்வை திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். இதுதான் மகளே நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்காக வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று நினைத்துவிடாதே. பண்டிகை வேலை அதுபாட்டுக்கு நடக்கிறது. இந்த வருஷம் மேலே இல்லை, கூட்டம் இல்லை, ஸ்டார் ஒன்று மட்டும் வாங்கி வாசலில் கட்டியிருக்கிறேன், ஏணி ஏற என் முழங்கால் ஒத்துக்கொள்ளாததால் அது ஒரு ஆள் உயரத்தில்தான் தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லோரும் தலையில் இடித்துக்கொள்கிறார்கள். நேற்று சாயங்காலம் கோயிலிலிருந்து கேரல் பாட வந்தார்கள். அம்மாவுக்குச் சத்தம் ஆகாது என்று போதகர் ஐயா சொல்லி வைத்திருந்தாராம், டிரம்மை வேனிலேயே வைத்துவிட்டு, இருபது பேரும் ரகசியம் சொல்கிற மாதிரி மெல்லப் பாடினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர்கூட விரலை வாயில் வைத்துக்கொண்டே ஆடினார். நான் டீ போடுகிற சோலியில் இருந்துவிட்டேன். அவர்கள் போனபின் அம்மா, இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பாட்டின் வார்த்தைகள் முழுதாகக் காதில் விழுந்தன என்றாள். பண்டிகையன்று காலையில் இட்லியும் நாட்டுக்கோழிக் குழம்பும் என்று முடிவு. குழம்புக்கு நான், இட்லிக்கு பானுப்பிரியா. முறுக்கு சுட்டேன், அச்சில் பிழியும்போது வட்டமாக வரவில்லை, வந்தபடி வரட்டும் என்று விட்டுவிட்டேன், ருசியில் குறையில்லை. சர்க்கரை இருப்பதால் அம்மாவுக்குக் கேக் ஒரே ஒரு துண்டு, அதையும் நான்தான் வெட்டித் தருவேன், அவளிடம் கத்தியைக் கொடுத்தால் ஒரு துண்டு என்பதற்கு அவளுடைய கணக்கே வேறு. மீதியைத் திங்கட்கிழமை எழுதுகிறேன்.

22.12.2025, திங்கள் மாலை.

ஸ்தோத்திரம் மகளே. திரை நகரவில்லை. ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. அழுத்தம் இறங்கிவிட்டது. டாக்டர் ஒரு பெரிய விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நல்லா இருக்கும்மா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளியூர் போக மாட்டோம் என்று சொன்னதையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, பாதியில் சிரிப்பும் வந்துவிட்டது. "கண்ணுக்கு பிளேனும் ஜீப்பும் ஒண்ணுதாங்க" என்றார். இனிமேல் உங்கள் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் வெளியூர் என்று கேட்க மாட்டேன், மேலே போவீர்களா என்றே கேட்கிறேன் என்று சொல்லி, எழுதியும் வைத்துக்கொண்டார்.

வாயு பாதிக்குமேல் கரைந்துவிட்டதாம். அம்மாவுக்கு இப்போது ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் அசைகிற மாதிரி குறுக்கே ஒரு கோடு தெரிகிறது, கோட்டுக்குக் கீழே கலங்கல், மேலே தெளிவு. அந்தக் கோடு தினம் கொஞ்சம் கீழே இறங்குமாம். திரும்பி வரும்போது பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து, வழியில் தெரிகிற கடைப் பெயர் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். உசிலம்பட்டியில் ஆரம்பித்தது போடி வரைக்கும் ஓயவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, "என்னங்க இது, சவரம் பண்ணி எத்தன நாளாச்சு" என்றாள். நாளைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் நீ லீவு எழுதிப்போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். மே மாதம் மாப்பிள்ளையோடு வந்து ஒரு மாதம் இருந்து போ, அதற்குள் வாயு முழுக்கக் கரைந்திருக்கும், எல்லோருமாக மேலே போகலாம். சின்ராசு ரொம்ப வருத்தப்பட்டான், இருபத்தாறாம் தேதி அவனே குடும்பத்தோடு கீழே வருகிறானாம். இருபத்தைந்தாம் தேதி காலை ஆராதனைக்கு நம் ஊர்க் கோயிலுக்கே ஆட்டோவில் போகிறோம், வழியில் ஒரு மேடுகூட இல்லை என்று நான் நேற்றே நடந்து பார்த்துவிட்டேன். நீ மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போ, மாப்பிள்ளையின் முதுகு வலிக்கு நான் சொன்ன எண்ணெயைத் தேய்க்கச் சொல். முக்கியமாக ஒன்று. இந்த ஜீப்பு விஷயத்தைப் போனில் எடுக்காதே, நாங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறோம். என்னைத் திட்ட வேண்டுமென்றால் நீயும் கடிதமாகவே எழுது, ஒரு வரி விடாமல் கடைசி வரைக்கும் படிப்பேன்.

அம்மா தானும் நாலு வரி எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறாள். நீங்கள் படிக்கக் கூடாது என்று கண்டிஷன் வேறு. நான் எழுதியதை அவள் படித்துவிடாமல் மடித்து கிளிப் போட்டுக் கொடுக்கிறேன், அவள் எழுதியதை நான் பார்க்காமல் ஒட்டி அனுப்புகிறேன், ஒப்பந்தம் ஆகிவிட்டது. உன்னையும் மாப்பிள்ளையையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, உங்கள் வீடு குறைவில்லாமல் நிறையட்டும்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா,
வெள்ளைத்துரை.

பாப்பா, அம்மா எழுதுறேன். கோடு குறுக்க குறுக்க ஆடுது, எழுத்து மேலயும் கீழயும் போனா கண்டுக்காத. அப்பா மடிச்சுக் குடுத்துட்டு வாசல்ல போய் நிக்கிறாரு. உள்ள என்ன எழுதியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். ஜீப்புல போனத எழுதி, எல்லாத் தப்பும் தன்னோடதுன்னு போட்டிருப்பாரு. எனக்கு அஞ்சாவது வளைவுலயே வலி எடுத்துருச்சு பாப்பா. நான்தான் வாயத் தெறக்கல. முன்சீட்டுல அப்பா பாடிக்கிட்டு வந்தாரு. எனக்குக் கண்ணு தெரியாமப் போனதுலருந்து அந்த மனுசன் பாடவே இல்ல, கோயில்லகூட பாட்டுப் புஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டு சும்மா நிப்பாரு. அன்னைக்கித்தான் வாய்விட்டுப் பாடினாரு. வலிக்குதுன்னு சொன்னா நிறுத்திருவாரேன்னு ஒன்பதாவது வளைவு வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். இத மட்டும் அவர்ட்ட எப்பவும் சொல்லிறாத. தெரிஞ்சா இனிமே பாடவே மாட்டாரு.

அம்மா,
மகாராணி.